கிராணியின் மகளும் என் ஆங்கில இலக்கணமும்

"இந்த வசனத்தில வேலை செய்யிறது ஆர்?" என்று சாந்தினி கேட்டார்.

நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். 'தி ஆப்பரேட்டர் ஸ்டாப்டு தி மெஷின்' என்று அவர் கையெழுத்தில் முத்து முத்தாக எழுதியிருந்தது. ஆப்பரேட்டர் மெஷினை நிறுத்தினார். இதில் கேள்வி கேட்க என்ன இருக்கிறது?

"நான்தான்," என்றேன்.

"நீரோ?"

"வேற யாரு? பதினோரு வருசமா அந்த மெஷின் பக்கத்துல நிக்கறது நான்தானே. நிறுத்தணும்னா நான்தான் நிறுத்தணும். சூப்பர்வைசரு மேல ஆபீசுல தே தாரேக் குடிச்சிக்கிட்டு இருப்பாரு."

சாந்தினி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்தி நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தால், அவளைப் பார்த்துச் சிரிப்பதா?

ராசா என்ற ஊரில் சாந்தினியின் வீடு. சனிக்கிழமை பிற்பகல். மேசையில் பழப்படம் போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. முழங்கையை வைத்தால் ஒட்டிக்கொள்ளும், எடுத்தால் பிரியும் சத்தம் கேட்கும். அடுக்களையில் யாழ்ப்பாணத்துக் கறித்தூள் வறுத்த வாசம் இன்னும் போகவில்லை. வெளியே மழை கட்டிக்கொண்டு வந்தது.

"கோவிக்காதையும்," என்றார் சாந்தினி. "நீர் சொன்னது சரிதான். வேலை செய்யிறது ஆர் எண்டு கண்டுபிடிச்சிட்டால் அரைவாசி இலக்கணம் முடிஞ்சுது."

அதுதான் என் முதல் ஆங்கில இலக்கண வகுப்பு.

அடியில் யார் பெயர்

இந்த வயதில் எனக்கு எதற்கு இந்த வேலை என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டுக்காரரும் கேட்டார். கேட்டுவிட்டு மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போய்ச் சாந்தினி வீட்டு வாசலில் விட்டும் வந்தார். அவர் குணம் அப்படி.

நான் செண்டாயான் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். கார் கதவுக்கு உள்ளே பொருத்தும் பிளாஸ்டிக் சாமான் செய்கிறார்கள். மெஷினிலிருந்து வருவதை எடுத்துப் புரட்டிப் பார்த்து, நல்லதை அடுக்கி, கெட்டதை ஒதுக்குவது என் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டுதான். முட்டி இரண்டும் என்னோடு பேச்சை நிறுத்திச் சில வருடங்கள் ஆகின்றன.

ஒருநாள் சாமானின் ஓரத்தில் மயிரிழை விரிசல் கண்டேன். மெஷினை நிறுத்திவிட்டு, எங்கள் சூப்பர்வைசர் ஹாபிசைக் கூப்பிட்டு மலாயில் விளக்கினேன். அச்சு முழுதாகச் சூடேறும் முன்பே ஓட்டுகிறார்கள், அதனால்தான் ஓரம் வெடிக்கிறது என்று காரணத்தையும் சொன்னேன். ஹாபிஸ் அதை ஆங்கிலத்தில் ரிப்போர்ட்டாக எழுதினான். அடியில் அவன் பெயர். சாமான் வாங்கும் கம்பெனியிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அதிலும் அவன் பெயர்.

ஹாபிஸ் நல்ல பிள்ளை. எனக்கு நாசி லெமாக் சோறு வாங்கி வந்து கொடுத்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "காக் முனி, சாயா துலிஸ் சாஜா. யாங் தாவு, காக்," என்றான். எழுதியது மட்டும்தான் நான், விசயம் தெரிந்தவர் நீங்கள் என்று அர்த்தம்.

அவனுக்கு வேறு பிரிவுக்கு மாற்றம் வந்தது. அவன் இடத்துக்கு ஆள் எடுப்பதாக அறிவிப்பு ஒட்டினார்கள். விருப்பமுள்ளவர்கள் மூன்று பேர் முன்னால் ஆங்கிலத்தில் பேச வேண்டும், ஒரு பக்கம் ரிப்போர்ட் எழுத வேண்டும்.

அந்த வேலைக்கு ஒரு நாற்காலி உண்டு. பொய் சொல்ல மாட்டேன், முதலில் நாற்காலிதான் கண்ணில் பட்டது. ஆனால் பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது மனசு வேறு இடத்தில் போய் நின்றுகொண்டது. நான் கண்டுபிடித்ததை நானே எழுத வேண்டும். அடியில் முனியம்மா என்று என் பெயர் இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அதற்கு முன் இரண்டு தடவை இதே வேலைக்கு ஆள் எடுத்தபோது, ஆங்கிலத்துக்குப் பயந்து நான் மனுவே போடவில்லை. இது மூன்றாவது. இதை விட்டால் ஓய்வு பெறும்வரை நான் சொல்ல, வேறு யாரோதான் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

நான்கு முனியம்மாக்கள்

சாந்தினி யார் என்று சொல்லவில்லையே.

தம்பின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில்தான் நான் பிறந்தேன் என்று இந்தப் பத்திரிகைத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். அப்பா பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தார். அதே தோட்டத்தில் கிராணி, அதாவது ஆபீஸ் கணக்கர், யாழ்ப்பாணத்தாரான சாந்தினியின் அப்பா. நானும் சாந்தினியும் ஒரே வயது. நான் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு நடந்து போவேன். அவர் வெள்ளைச் சப்பாத்து போட்டுக்கொண்டு பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்குக் காரில் போவார். பத்து வருடம் ஒரே மண்ணில் இருந்தும் நாங்கள் பத்து வார்த்தை பேசியதில்லை.

பல வருடம் கழித்து ராசாவில் கோயில் அன்னதானத்துக்குப் பயிற்றங்காய் நறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "நீர் அந்தத் தோட்டம்தானே?" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். கிராணி ஐயாவின் மூக்கு அப்படியே. பேங்கில் வேலை பார்த்து முன்கூட்டியே ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, மகள் ஆஸ்திரேலியாவில். நான் "மேடம்" என்றேன். "மேடம் எண்டால் நான் எழும்பிப் போயிடுவன்," என்றார். அன்று முதல் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன்.

அவருக்கு ஆங்கிலம் தண்ணீர் மாதிரி வரும். ஆனால் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. எனக்கு எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் எல்லாம் தோட்டப் பள்ளி வாத்தியார் பிரம்போடு சேர்த்துக் கொடுத்தது. ஆகவே சாந்தினி 'நவுன்' என்றால் நான் 'பெயர்ச்சொல்' என்பேன். 'வெர்ப்' என்றால் 'வினைச்சொல்'. அவர் அதையும் ஒரு தாளில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்வார்.

'ஆட்ஜெக்டிவ்' வந்தபோது அவர் அழகான பெண், பெரிய வீடு என்று ஏதேதோ உதாரணம் சொன்னார். எனக்கு ஏறவில்லை. பிறகு திடீரென்று பிடிபட்டது.

"நம்ம தோட்டத்துல எத்தனை முனியம்மா இருந்தாங்க, ஞாபகம் இருக்கா?"

"நாலு பேர்."

"நெட்ட முனியம்மா, பல்லு முனியம்மா, கடைசி லயத்து முனியம்மா, அப்புறம் நானு, சின்ன முனியம்மா. முன்னால ஒட்டிக்கிட்டு வருதே, அதானே ஆட்ஜெக்டிவ்வு?"

சாந்தினி மேசையைத் தட்டினார். "அதேதான்! பிறகு 'ப்ரோநவுன்' சொல்லும் பாப்பம்."

பெயருக்குப் பதிலாக நிற்பது. அதை எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? அப்பாவின் பெயரை எங்கள் அம்மா வாயால் சொன்னதே கிடையாது. அவரு, இவரு, வெளிய போயிருக்காரு, இன்னும் வரல. நாற்பது வருடம் அம்மா அதை வைத்தே குடும்பம் நடத்தினார்.

'இன்டர்ஜெக்ஷன்' என்பது ஐயோ, அம்மாடி, சீ. அதை நானே சாந்தினிக்கு நடத்தினேன்.

மழையைப் பெய்வது யார்

சொற்கள் சரி. வாக்கியம்தான் என்னைப் போட்டுப் புரட்டியது. சொற்களைத் தெரிந்துகொண்டு, தமிழில் அடுக்குகிற மாதிரியே அடுக்கி வைப்பேன். வேலையைக் கடைசியில் சொல்வதுதானே நமக்குப் பழக்கம்.

"தமிழில மண்டோர் பாம்பை அடிச்சார். பாம்பை மண்டோர் அடிச்சார். ரெண்டும் ஒண்டுதானே?" என்றார் சாந்தினி.

"ஒன்னுதான். பாம்பு எங்க நின்னாலும் அடி வாங்கறது பாம்புதான்."

"இங்கிலீஷில இடத்தை மாத்திப் பாரும்."

மாற்றிப் பார்த்தேன். பாம்பு தோட்டத்துக் கங்காணியான மண்டோரை அடித்துவிட்டது. பாவம் மண்டோர்.

அப்போதுதான் எனக்குப் பெரட்டு ஞாபகம் வந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், தோட்டத்தில் விடிவதற்கு முன் ஆபீஸ் முன்னால் எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும், கிராணி பெயர் கூப்பிடுவார். அதுதான் பெரட்டு. பால்மரம் வெட்டுகிறவர்கள் ஒரு வரிசை, புல்லு வெட்டுகிறவர்கள் ஒரு வரிசை. நீ இன்று எந்த வரிசையில் நிற்கிறாயோ அதுதான் இன்று உன் வேலை. வரிசை மாறி நின்றால் வேலை மாறிப்போகும். யாரும் உன் முகத்தைப் பார்த்துக் கேட்க மாட்டார்கள்.

"இங்கிலீசு பெரட்டு மாதிரி லா!" என்றேன். "நிக்கற எடத்த வச்சித்தான் வேலை. நம்ம தமிழ்ல ஒவ்வொருத்தரும் தன் வேலைய முதுகுல ஒட்டிக்கிட்டு வராங்க, அதனால எங்க வேணாலும் நிக்கலாம்."

சாந்தினி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நாப்பது வருசம் இங்கிலீஷ் பேசுறன். இப்பிடி நான் யோசிச்சதில்லை," என்றார். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோசம் அடுத்த சனிக்கிழமையே போய்விட்டது. 'இட் இஸ் ரெய்னிங்' என்று எழுதிக் காட்டினார்.

"இந்த 'இட்' யாரு?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப மழையப் பெய்யறது யாரு? மலாய்ல ஹுஜான்னா முடிஞ்சிபோச்சி. தமிழ்ல மழை பெய்யுது. மழைதான் பெய்யுது. இவங்களுக்கு மட்டும் எதுக்கு நடுவுல ஒரு ஆளு?"

"இங்கிலீஷில முன் இடம் வெறுமையா இருக்கக்கூடாது. ஆரோ ஒருத்தர் நிக்கவேணும்."

"சும்மாவா?"

"ஓம், சும்மாதான்."

எங்கள் தோட்டத்திலும் இப்படி ஒருத்தர் இருந்தார். மண்டோருக்கு மச்சான். பெரட்டில் பெயர் கொடுப்பார். முன் வரிசையில் நிற்பார். பிறகு ஒரு வேலையும் செய்ய மாட்டார். அவரை நினைத்துக்கொண்டதும் அந்த 'இட்' எனக்கு ஒத்துக்கொண்டது.

சிவப்பு மை

எல்லாமே இப்படிச் சிரிப்பாகப் போகவில்லை.

ஆறாவது வாரம் ஒரு பக்கம் ரிப்போர்ட் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். சோற்றைத் தீய விட்டேன். வீட்டுக்காரர் கடையில் ரொட்டி சானாய் வாங்கி வந்து சமாளித்தார். எழுதியதை நானே நாலு தடவை படித்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

சாந்தினி சிவப்புப் பேனாவை எடுத்தார். பேங்கில் முப்பது வருடம் மற்றவர்கள் எழுதியதைத் திருத்திய கை. வரிக்கு வரி வட்டம், அடிக்கோடு, அம்புக்குறி. திருப்பிக் கொடுத்தபோது என் எழுத்தே கண்ணுக்குத் தெரியவில்லை.

 நோட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். மழையில் நனைந்துகொண்டே நடந்தேன். காறித் துப்பின மாதிரி இருந்தது. போதும்டியம்மா உன் இங்கிலீஷ், எனக்கு நிற்கிற வேலையே போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை போகவில்லை. அதற்கு அடுத்ததும் போகவில்லை. அவர் கூப்பிட்டபோது போனை எடுக்கவில்லை. என் கோபம் எனக்கே பிடிக்காது, ஆனால் வந்தால் அது லேசில் போகாது.

மூன்றாவது சனிக்கிழமை கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் சாந்தினி. எங்கள் வீடு நாலாவது மாடி, லிஃப்ட் அன்று வேலை செய்யவில்லை. அவர் மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் இருந்த பென்சிலைக் காட்டினார்.

"இனிமேல்... இதாலதான்... திருத்துவன்."

"உள்ள வாங்க முதல்ல. விழுந்து கிழுந்து வைக்காதீங்க."

தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "நீர் வராட்டி எனக்குச் சனிக்கிழமை எண்டு ஒண்டு இல்லை, முனியம்மா. எழும்புறன், சமைக்கிறன், டிவியைப் பாக்கிறன். அவ்வளவுதான்."

 நானும் அந்த இரண்டு வாரம் நன்றாக இருக்கவில்லை. அதை வாயால் சொல்லத் தெரியாமல், "சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டேன். இரண்டு பேரும் கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டோம். பிறகு அந்தச் சிவப்புப் பக்கத்தை விரித்து, வரி வரியாக, ஒவ்வொரு வரியிலும் வேலை செய்வது யார் என்று தேடினோம். பாதி வரிகளில் ஆளே இல்லை.

"நீர் செய்த வேலையில உம்மையே காணேல்லையே," என்றார் சாந்தினி.

மாடிப்படி ஏறியபோது

நேர்காணல் நாள் வந்தது. மேனேஜரின் அறை, மெஷின்கள் ஓடும் கூடத்தின் கடைசியில் இரும்புப் படியேறிப் போனால் மேலே இருக்கிறது. பதினோரு வருடத்தில் அந்தப் படியில் நான் கால் வைத்தது கிடையாது. தலைவாரி, சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஏறினேன். வாய்க்குள் 'ஐ ஹேவ் வொர்க்டு ஹியர்' என்று முணுமுணுத்துக்கொண்டேன். கண்ணாடிக் கதவு. கதவு முன்னால் கால் துடைக்கச் சின்ன மிதியடி. தட்டினேன். உள்ளே வரச் சொன்னார்கள்.

உள்ளே மூன்று பேர். மேனேஜர் சீனர், நடுவயது. பக்கத்தில் ஆள் எடுக்கும் பிரிவைச் சேர்ந்த மலாய்க்காரப் பெண்மணி. ஓரத்தில் பாதுகாப்பு அதிகாரி. மூவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தார்கள்.

நானும் கீழே பார்த்தேன். ஐயோ கடவுளே! காலில் வெறும் காலுறை. இடது கட்டைவிரல் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

என் பாதுகாப்புச் சப்பாத்து இரண்டும் கதவுக்கு வெளியே மிதியடி ஓரத்தில் ஜோடியாக நின்றன. கழற்றியது எனக்குத் தெரியவே தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

வெளியாட்களுக்கு இதன் கனம் புரியாது. அந்தக் கூடத்தில் மஞ்சள் கோட்டைத் தாண்டினால் இரும்பு முனை வைத்த சப்பாத்து இல்லாமல் ஓரடி வைக்கக்கூடாது. மேனேஜர் அறையும் கோட்டுக்கு உள்ளேதான். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அந்தச் சட்டத்தைச் சொல்லிக்கொடுப்பதே நான். சூப்பர்வைசர் ஆக வந்தவள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து நிற்கிறேன். பாதுகாப்பு அதிகாரி புருவத்தைத் தூக்கியது தூக்கியபடி இருந்தது.

"வேர் ஆர் யுவர் ஷூஸ்?" என்றார் மேனேஜர்.

மனப்பாடம் செய்தது எல்லாம் பறந்துபோயிற்று. ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஓடினால் அடுத்த பதினோரு வருடமும் ஓட வேண்டும். வாயைத் திறந்தேன்.

எங்கப்பா பால்மரம் வெட்டியவர் என்றேன். தோட்டத்து ஆபீசுக்குப் போனால் தொழிலாளிகள் செருப்பை வெளியே விட வேண்டும் என்றேன். ஆபீஸ்காரர்கள் சப்பாத்தோடு இருப்பார்கள். எனக்கு ஐந்து வயது முதல் இந்தப் பழக்கம். பெரியவர் அறை, கதவு, மிதியடி. என் கால் இதைத் தோட்டத்து ஆபீஸ் என்று நினைத்துவிட்டது. 'மை லெக் மேட் எ மிஸ்டேக்' என்று முடித்தேன்.

எல்லாம் ஆங்கிலத்தில். வெளியே வந்த பிறகுதான் அது எனக்கே உறைத்தது. எந்த இடத்தில் எதை நிறுத்துவது என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

 பிறகு மேனேஜர் கையிலிருந்த கேள்வித்தாளைக் கவிழ்த்து வைத்தார். ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளினார். கூடத்துக்குள் விதி மீறல் நடந்தால் ரிப்போர்ட் எழுதியாக வேண்டும், இதை நீங்களே எழுதுங்கள், இதுதான் உங்களுக்கு எழுத்துப் பரீட்சை என்றார். முதலில் போய்ச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்.

உட்கார்ந்து எழுதினேன். என்ன நடந்தது, யார் செய்தது, ஏன் செய்தது. முதல் வரியிலேயே என்னைக் கொண்டுபோய் நிறுத்தினேன். நான், முனியம்மா, மேனேஜர் அறைக்கு வெளியே என் சப்பாத்தைக் கழற்றினேன். கடைசியில் இனி இப்படி நடக்காமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கட்டம். சற்று யோசித்துவிட்டு, அந்த மிதியடியை எடுத்துவிட வேண்டும், மிதியடியைப் பார்த்தால் எங்களைப் போன்றவர்களுக்குக் கால் தானாகக் கழற்றிவிடும் என்று எழுதினேன். அடியில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பாதுகாப்பு அதிகாரி படித்தார். புருவம் இறங்கியது. சிரித்துவிட்டார்.

மறுநாள் மிதியடி அங்கே இல்லை. அடுத்த வாரம் கடிதம் வந்தது. மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவார்களாம். சூப்பர்வைசர் முனியம்மா. என் ரிப்போர்ட்டின் நகலை எல்லா விதி மீறல்களையும் ஒட்டும் பலகையில் ஒட்டியிருந்தார்கள். ஹாபிஸ் அதைப் போனில் படம் பிடித்து அனுப்பினான். ஆசைப்பட்டபடி என் பெயர் வந்துவிட்டது. என்ன, நான் செய்த தப்புக்கு வந்தது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கழிவறைக்குப் போய் இரண்டையும் செய்தேன்.

மறுபடி அந்த மேசை

சனிக்கிழமை சாந்தினி வீட்டில் கடிதத்தைக் காட்டினேன். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். யாழ்ப்பாணத்தார் அவ்வளவு எளிதில் கட்டிப்பிடிக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். ரிப்போர்ட்டின் நகல் ஒன்றை நீட்டி, "பென்சில எடுங்க," என்றேன்.

பென்சிலை எடுத்தார். படித்தார். ஓரிடத்தில் நின்றுவிட்டார். தொழிலாளிகள் தோட்டத்து ஆபீசுக்கு வெளியே செருப்பை விடுவார்கள் என்ற வரி. பென்சிலைக் கீழே வைத்தார்.

"அந்த ஆபீசில இருந்தது அப்பாதானே."

"ஆமா."

"நான் உள்ளுக்க சப்பாத்தோட ஓடித் திரிஞ்சனான். வெளியில உங்கட செருப்புகள் வரிசையாக் கிடக்கும். உங்களுக்கு அப்பிடித்தான் விருப்பம் எண்டு நினைச்சனான்."

"சிமெண்டுத் தரை குளுகுளுன்னு இருக்கும். கால்வலிக்கு நல்லது," என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"கழட்டச் சொன்னது அப்பாவோ?"

இதை அவரிடம் நான் சொன்னதே இல்லை. அன்று சொன்னேன். எனக்குப் பத்து வயதிருக்கும். மழை நாள். அப்பா அவசரத்தில் சேற்றுக்காலோடு ஆபீசுக்குள் நுழைந்துவிட்டார். பெரட்டு வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, கிராணி ஐயா கத்தினார். அப்பா செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, தன் தலைத்துண்டை அவிழ்த்து, மண்டியிட்டு அந்தத் தரையைத் துடைத்தார். நான் வாசலில் நின்றேன். அப்பா என்னைப் பார்க்காமலே துடைத்தார்.

"அதே கிராணி ஐயாதான் எங்கம்மா பிரசவத்துல சாகக் கெடந்தப்ப தன் கார்ல ஏத்திக்கிட்டு தம்பின் ஆஸ்பத்திரிக்கு ஓட்டுனாரு," என்றும் சொன்னேன். "ரெண்டும் அவருதான்."

சாந்தினி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

"இதில அவர் இல்லையே," என்றார் ரிப்போர்ட்டைக் காட்டி.

"ஃபேக்டரிக்கு எதுக்கு லா அது?"

"ஃபேக்டரிக்கு வேண்டாம். நீர் பத்திரிகையில எழுதுறீர்தானே. அதில எழுதும். ஆர் சொன்னது, ஆர் துடைச்சது, ரெண்டையும் எழுதும்."

நான் மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். அதற்குப் பதில் வேறு கதைகளை எழுதினேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்டார். கடைசியில் எழுதிவிட்டேன். அவருக்குத் தமிழ் படிக்க வராது என்பதால், அனுப்புவதற்கு முன் அதே மேசையில் உட்கார்ந்து நானே உரக்கப் படித்துக் காட்டினேன். தரையைத் துடைத்த இடம் வந்தபோது தாளைக் கீழே வைத்தேன். நிறுத்தாமல் படிக்கச் சொன்னார்.

படித்து முடித்ததும், "அப்பான்ர பேரைப் போடேல்லை," என்றார்.

"போடல."

"பயமோ?"

"பயம் இல்ல லா," என்றேன். "அவரு என் கூட்டாளியோட அப்பா."